கையைப் பார்த்துக் குச்சி எடுப்பவள்

அவள் இரும்பைப் பார்க்க மாட்டாள். ஹாலிஎல ரோட்டோரத்தில் இருந்த அவளுடைய பட்டறைக்கு யார் வந்து, "ரெண்டு வெல்டிங் குச்சி குடு, கேட்டு ஒடஞ்சி போச்சி" என்று கேட்டாலும், கேட் எவ்வளவு கனம், எந்த இடத்தில் உடைந்தது என்று உடனே விசாரிக்க மாட்டாள். அதற்கு முன்னால் ஒரு கேள்வி வைத்திருந்தாள்.

"ஒட்டப்போறது யாரு?"

"நாந்தான். வேற யாரு?"

"கைய நீட்டு."

நீட்டிய கையை மணிக்கட்டில் பிடித்துத் தூக்குவாள். விடுவாள். மறுபடி தூக்குவாள். ஜோசியக்காரி மாதிரி இல்லை. சந்தையில் ஆட்டுக்கு விலை பேசுகிறவன் அதன் தொடையைப் பிடித்துப் பார்ப்பானே, அந்த மாதிரி. "ஒனக்கு நடுங்குது", "நீ அவசரக்காரன்", "நேத்து குடிச்சியா?" என்று முகத்துக்கு நேரே சொல்வாள். அதற்குப் பிறகுதான் குச்சி.

பண்டாரவளையிலிருந்து மரக்கறி லொறிக்காரர் ஒருவர் வந்திருந்தார். லொறியின் பின்கதவு விரிசல் விட்டுவிட்டது. இருக்கிறதிலேயே கெட்டியான குச்சி வேண்டும் என்றார்.

"ஒனக்கு அது வேணாம்."

"நான் கேட்டதக் குடும்மா."

"கேட்டதக் குடுக்க இது சாப்பாட்டுக் கடையா? அது நல்ல குச்சிதான். ஒங்கையில அது கெட்டுப்போகும்."

அவர் கோபித்துக்கொண்டு போய் டவுனில் வாங்கி ஒட்டினார். அடுத்த வாரம் பின்கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். நல்ல மனுஷியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் இருந்திருப்பாள். இவள் சிரித்தாள். ரோட்டில் போகிற பதுளை பஸ்ஸுக்குள் இருக்கிறவர்களுக்குக் கேட்கும்படி சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கதவை இறக்கச் சொல்லி ஒட்டிக் கொடுத்தாள்.

குட்டையான, கட்டையான பொம்பளை. பாவாடைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை. முன்கையெல்லாம் நெருப்புப் பொறி தெறித்த புள்ளிகள். மற்றப் பெண்கள் சாவிக்கொத்துச் செருகும் இடுப்பில், உடைந்த ரேடியோவிலிருந்து பிடுங்கிய காந்த வளையம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தாள். கொழும்பில் லொறிக்குப் பாடி கட்டும் இடத்தில் வேலை பழகியதாகச் சொன்னாள். புருஷனைப் பற்றிக் கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு பதில் சொன்னாள். ஒருத்திக்குச் செத்துவிட்டான் என்றாள், இன்னொருத்திக்குக் கட்டாரில் இருக்கிறான் என்றாள். எனக்கு, "ஒனக்கு என்ன, அவனத் தேடிப் பிடிச்சித் தரப்போறியா?" என்றாள். அதோடு விட்டேன். எனக்கு அவளைவிட ஐந்தாறு வயது கூட. அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டுவாள்.

நான் அவளிடம் கேட் ஒட்டப் போகவில்லை. பாலத்துக்காகப் போனேன்.

தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வீட்டு வரிசையான கீழ் லயத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஓர் ஓடை. வெயில் காலத்தில் கோழி தாண்டும். ஐப்பசி மழை இறங்கினால் ஆளை அடித்துக்கொண்டு போகும். மரப்பாலம் ஒன்று இருந்தது, ஒரு மழையில் போய்விட்டது. போனதும் வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்டவர்கள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், எங்களையும் ஓடை ஓரத்தில் நிறுத்தி எடுத்தார்கள். போட்டோவில் நாங்கள் நன்றாகத்தான் விழுந்திருப்போம். பாலம் வரவில்லை.

அடுத்த மழைக்கு, பக்கத்து வீட்டுச் செல்விக்கு வலி எடுத்தது. த்ரீவீலர் அந்தக் கரையில் நிற்கிறது. இந்தக் கரையில் செல்வி. ஓடையில் இறங்க முடியவில்லை. கம்பளியில் கட்டி, நாலு பேர் தோளில் தூக்கி, தேயிலை மலையைச் சுற்றிக்கொண்டு போனோம். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பிள்ளை இல்லை. செல்வி மட்டும் திரும்பி வந்தாள்.

அதற்கு மறுவருஷம் என் மகள் உண்டானாள். கார்த்திகையில் பிறக்கும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். நான் நாள் எண்ணவில்லை, மழையை எண்ணினேன். ஐப்பசிக்குள் அந்த ஓடைக்கு மேல் பாலம் நிற்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பிரதேச சபையில் ஒரு தொழில்நுட்ப அதிகாரி இருந்தார். சிங்களவர், நிதானமாகத் தமிழ் பேசுவார். பொய் சொல்லாத மனிதர். "இந்த வருஷம் காசு இல்ல அம்மா. வரும் என்று சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன். நீங்க கட்டினா நான் வந்து பாக்கிறேன். நல்லா இருந்தா விடுவேன். சரியில்லன்னா நானே வெட்டிப் போடுவேன். ஆள் செத்த பிறகு அழ முடியாது" என்றார். எப்படிக் கட்ட வேண்டும் என்று படமும் வரைந்து கொடுத்தார். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய் நின்று கத்தினேன். மூடிக் கிடந்த பழைய தேயிலை ஸ்டோரிலிருந்து இரும்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கத்தினால்தான் இங்கே எதுவும் அசையும்.

இரும்பு கிடைத்தது. ஒட்ட ஆள் இல்லை. எங்கள் லயத்து இளவட்ட ஆம்பிளைகள் எல்லாம் கொழும்பில் கட்டட வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான் முகம் காட்டுவார்கள். அப்படித்தான் படத்தையும் மகள் கதையையும் கொண்டு அந்தப் பட்டறைக்குப் போனேன்.

அவள் படத்தைப் பார்த்தாள். "இந்த ரெண்டு பெரிய உத்தரமும் நீளம் பத்தாது. நடுவுல இணைக்கணும். அது என் வேல. மத்தது, தட்டு, கைப்புடி, கால் எல்லாம் ஒங்க வேல."

"எங்களுக்கு வெல்டிங் தெரியாதே?"

"தெரிஞ்சவன எல்லாம் கூப்பிட்டுப் பாத்துட்டுத்தானே எங்கிட்ட வந்த? எனக்கு ரெண்டு கைதான் அக்கா. நான் ஒருத்தியே ஒட்டி முடிக்க நெனச்சா ஒம்பேரன் நீந்தித்தான் வரணும்."

ஸ்டோரில் இரும்போடு ஒரு கோதுமை மாவு மூட்டை கிடைத்தது. மூட்டை நிறைய வெல்டிங் குச்சிகள். பெட்டி கிடையாது. அட்டையை எலி தின்றுவிட்டது. குச்சியின் மேல் அச்சடித்த எழுத்து ஈரத்தில் அழிந்துவிட்டது. நாலைந்து வகை ஒன்றாகக் கலந்து கிடந்தன. எங்கள் தோட்டத்துச் சங்கத் தலைவர், வாய்க்கு ஒருநாளும் லீவு கொடுக்காதவர், "தூக்கி ஓடையில போடுங்க. பேரில்லாத குச்சிய வச்சி என்னா பண்ணுவீங்க?" என்றார்.

"பேரு வச்சிட்டாப் போச்சி" என்று அவள் மூட்டையைக் கவிழ்த்தாள்.

அன்றைக்கு அவளைப் பார்த்திருக்க வேண்டும். கோயில் முற்றத்தில் தார்ப்பாய்ப் படங்கை விரித்து, குச்சிகளைக் கொட்டி, நடுவில் உட்கார்ந்துகொண்டாள். முதலில் பூச்சின் நிறத்தையும் தடிப்பையும் பார்த்துப் பிரித்தாள். குச்சி என்பது உள்ளே கம்பி, வெளியே மருந்துப் பூச்சு. அந்தப் பூச்சு ஒன்றில் சாம்பல் நிறம், ஒன்றில் செங்கல் நிறம், ஒன்றில் விரல் தடிப்புக்கு இருந்தது. பிறகு இரண்டிரண்டாக எடுத்துக் காதோரம் தட்டினாள். காய்ந்தது கண்ணாடி வளையல் மாதிரி கிணுங்கும். ஈரம் குடித்தது மரக்குச்சி மாதிரி மொத்தென்று விழும். இடுப்புக் காந்தத்தை வெற்றுக் கம்பி நுனியில் வைத்தாள். ஒட்டாததை ஒதுக்கினாள். "இது சில்வர் குச்சி, பாலத்துக்கு ஆகாது. கொண்டுபோய் ஆஸ்பத்திரி கட்டில் ஒட்டலாம்." கடைசியில் ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் ஒன்றை மெஷினில் மாட்டி, பழைய தகட்டில் விரல் நீளத்துக்கு எரித்தாள். எரிகிற சத்தத்தைக் கேட்டாள். ஆறியதும் மேலே படிந்த கசடைத் தட்டி, அது எப்படி விட்டு வருகிறது என்று பார்த்தாள்.

பிறகு பேர் வைத்தாள்.

கடுகு வெடிக்கிற மாதிரிப் படபடவென்று பொறி கக்கி, இரும்பைத் தோண்டிக்கொண்டு உள்ளே போனது கோவக்காரன். சாம்பல் நிறப் பூச்சு, எரிந்தால் அழகாக எரியும், ஆனால் ஒருதரம் நிறுத்திவிட்டால் மறுபடி பிடிக்க அடம் பண்ணும், துளி ஈரம் பட்டாலும் ஒட்டு வெடித்துவிடும். அது கூச்சக்காரன். சத்தமில்லாமல் எரிந்து, யார் எப்படிப் பிடித்தாலும் பொறுத்துப் போகிற மெல்லிய குச்சி நல்லபுள்ள. பூச்சு தடித்த குச்சி சோம்பேறி. அதை இரும்பின் மேல் சாய்த்து வைத்து இழுத்தால் போதும், தானே எரிந்து தானே கோடு போட்டுக்கொண்டு போகும். படுத்துக் கிடக்கிற இரும்பில் மட்டும்தான் வேலை செய்யும், நிற்கிற இரும்பில் வழிந்துவிடும். செல்வியின் நகப்பூச்சுப் போத்தல்களை வாங்கி, ஒவ்வொரு வகைக்கும் வெற்று நுனியில் ஒரு நிறம் தொட்டுவைத்தாள்.

ஒரே ஒரு குச்சி எந்தக் கூட்டத்திலும் சேரவில்லை. கறுப்புப் பூச்சு. தட்டினாள், முகர்ந்தாள், எரித்தாள், கசடைத் தட்டினாள், தலையைச் சொறிந்தாள். "எனக்குத் தெரியாத குச்சிய எந்தக் கம்பனியும் இன்னும் செய்யல" என்று பட்டறையில் பெருமையடிக்கிறவள். தலைவர் விடுவாரா?

"என்னா குச்சிக்காரி, இவன் யாரு?"

"தெரியல" என்றாள். முகம் சுருங்கும் என்று பார்த்தால், பண்டிகைக்குச் சட்டை கிடைத்த பிள்ளை மாதிரி இருந்தது. மிச்சக் குச்சியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "இவன் என் வீட்டுக்கு விருந்தாளி."

கூச்சக்காரனைக் காயவைக்க வேண்டும். ஸ்டோரில் தேயிலை காயவைக்கும் அடுப்பை மூட்டலாமே என்றாள் எங்கள் லயத்து ராக்கம்மா அக்கா. நாங்கள் எல்லாரும் அதைத்தான் நினைத்தோம். எங்களுக்குத் தெரிந்த பெரிய சூடு அதுதான்.

"அது எலைக்குப் போதும். இவனுக்குப் பத்தாது. பாண் போறணை வேணும்."

ஹாலிஎலயில் பேக்கரி வைத்திருந்த முஸ்லிம் நாநாவிடம் போனாள். அவர் குச்சிக் கட்டைப் பார்த்தார், பாண் சுடுகிற போறணை அடுப்பைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, நாளைக்கு எண்ட பாண்ல இரும்பு வாசம் அடிச்சா சனம் என்னைய அடிக்கும்."

"பாண எடுத்த பொறவு வைங்க நாநா. வாசம் வந்தா, இரும்புச்சத்துப் பாண்னு சொல்லி வித்துருங்க."

அவர் சிரித்தார். போறணையில் இடம் கிடைத்தது. சூடு ஆறாமல் இருக்க, குச்சிகளை இரும்புக் குழாய்க்குள் அடைத்து, கம்பளியில் சுற்றி, கைக்குழந்தையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்து பஸ்ஸில் கொண்டு வந்தாள். கண்டக்டர் பிள்ளைக்கு என்ன சுகமில்லையா என்று கேட்டானாம். "காய்ச்சல் கொதிக்குது தம்பி" என்றாளாம்.

பிறகு எங்கள் கைகளைப் பார்த்தாள்.

நாங்கள் மூன்று பேர். நான், செல்வி, ராக்கம்மா அக்கா. மூன்று பேரும் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்கள். என் மணிக்கட்டைத் தூக்கி விட்டதும் கை தானாக மேலே எழும்பியது. செல்விக்கும் அப்படியே. ராக்கம்மா அக்காவுக்கும் அப்படியே. குச்சிக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கொழுந்துக் கை! தொட்டதும் மேல வருது. குச்சி இரும்போட இருக்கணும் அக்கா. நீ கிள்ளித் தோளுக்குப் பின்னால போடுற."

உண்மைதான். சின்ன வயதிலிருந்து இந்தக் கை கற்றது அது ஒன்றுதான். தொடு, கிள்ளு, எடு. குச்சி நுனி இரும்பைத் தொட்டு நெருப்பு வந்ததும் கை அதுபாட்டுக்கு எழும்பிவிடும். நெருப்பு அணைந்துவிடும். குச்சி ஒட்டிக்கொண்டால் வெடுக்கென்று பறிப்போம். பூச்சு உதிர்ந்து வெறும் கம்பி நிற்கும். ராக்கம்மா அக்கா ஒருதரம் பறித்த வேகத்தில் குச்சியைத் தோளுக்குப் பின்னால் வீசியேவிட்டாள். முதுகில் கூடை இல்லை. பின்னால் தலைவர் நின்றிருந்தார். அன்றிலிருந்து தூரத்தில் நின்றுதான் கிண்டல் செய்தார்.

அவள் மூன்று பேருக்கும் சோம்பேறியைக் கொடுத்தாள். கைப்பிடிக் குழாய்க்கு நல்லபுள்ள. "இத இரும்பு மேல சாச்சு வையி. தூக்காத. அதுவே போவும். நீ பின்னாலயே போ."

எனக்கு எரிச்சல் வந்தது. வராமல் எப்படி இருக்கும்? நல்ல தேயிலை முழுவதும் எங்கள் கையால்தான் போகிறது. எங்களுக்குக் கொடுப்பது சலித்து மிஞ்சிய டஸ்ட் தூள். நல்ல மண்வெட்டி மற்றவனுக்கு, காம்பு ஆடுவது நமக்கு. எதையாவது "இது ஒங்களுக்குப் போதும்" என்று நீட்டினாலே அதில் ஏதோ கழிவு இருக்கிறது என்று என் வயிறு சொல்லும். இப்போது குச்சியிலும் அதுவா?

"ஏன் தங்கச்சி, ஒனக்கு மட்டும் போறணையில வச்ச குச்சி, எங்களுக்குச் சோம்பேறியா? என் மக நடக்கப்போற பாலம் இது. எங்களுக்கும் கெட்டியானதக் குடு."

"இதுவும் கெட்டிதான்."

"லேசா எரியிறது எப்பிடிக் கெட்டியா இருக்கும்?"

அவள் கம்பளியைப் பிரித்து ஒரு கூச்சக்காரனை எடுத்து என் கையில் வைத்தாள். "ஒட்டு."

ஒட்டினேன். ஒட்டினேன் என்று சொல்வது பொய். தொட்டேன், ஒட்டிக்கொண்டது, பறித்தேன், மறுபடி தொட்டேன், பிடிக்கவே இல்லை. தகட்டின் மேல் காக்காய் எச்சம் மாதிரி அங்கங்கே பொட்டுப் பொட்டாக விழுந்தது. வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு குச்சி முடியும்வரை போராடினேன். பிறகு அவள் சோம்பேறியை நீட்டினாள். இன்னொரு தகட்டில் சாய்த்து வைத்து இழுத்தேன். புஸ்ஸென்று எரிந்துகொண்டு போனது. ஆறியதும் கசடு தானாகச் சுருண்டு விழுந்தது. கீழே நெல்லை வரிசையாக அடுக்கிய மாதிரி ஒழுங்கான கோடு. என் கை போட்ட கோடு என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

பெரிய சுத்தியலை என்னிடமே கொடுத்தாள். "ரெண்டையும் நீயே அடி. நான் அடிச்சா ஏமாத்துறேன்னு சொல்லுவ."

முதல் தகடு ஒரே அடியில் இரண்டாகப் போனது. இரண்டாவதை அடித்தேன். மறுபடி அடித்தேன். எனக்கு இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து அடித்தேன். தகடு மடிந்தது. ஒட்டு விடவில்லை.

"அக்கா," என்றாள், "லேசானத குடுக்கிறவன் எல்லாம் ஒன்ன ஏமாத்துறவன் இல்ல. கஷ்டப்பட்டாத்தான் கெட்டியா நிக்கும்னு ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தது? தொரையா?"

நான் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு சோம்பேறியை எடுத்தேன்.

அதன் பிறகு வேலை ஓடியது. சோம்பேறிக்குப் படுத்த இரும்புதான் வேண்டும் என்பதால், நடைத்தட்டுகளையெல்லாம் கோயில் முற்றத்தில் படுக்கவைத்து ஒட்டினோம். ஒரு பக்கம் முடிந்ததும் லயத்துச் சனம் எல்லாம் வந்து புரட்டிப் போட்டது. கைக்குத் தக்க குச்சி எடுத்தாள், குச்சிக்குத் தக்கபடி இரும்பைப் புரட்டினாள். நாங்கள் எதற்காகவும் வளைய வேண்டியிருக்கவில்லை. இந்தத் தோட்டத்தில் எனக்காக ஒரு பொருளை யாரும் திருப்பி வைத்தது அதுதான் முதல் தடவை. ஒட்டு சரியில்லை என்றால் விடமாட்டாள். வெட்டி எறிந்துவிட்டுத் திரும்ப ஒட்டச் சொல்வாள். செல்வி போட்ட ஒரு கோட்டை வெட்டினபோது செல்வி அழுதாள். "அழுவு, ஆனா கைய ஆட்டாத" என்றாள். செல்வி மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஒட்டினாள். எங்கள் மூன்று பேரில் நல்ல கை செல்வியுடையதுதான். அவள் முகமூடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் அழைத்தாலும் எழும்ப மாட்டாள்.

நடுவில் உத்தரம் இணைக்கிற வேலையைக் குச்சிக்காரி தனியாகச் செய்தாள். கம்பளிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுப்பாள். ஒன்று தரையில் விழுந்து ஈரம் பட்டது. எடுத்துத் தூர எறிந்தாள். முடித்து முகமூடியைத் தூக்கியபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் கொடுத்தேன். கணக்கில்லாமல் தின்றாள்.

தலைவர் தூரத்தில் நின்று, "குச்சிக்காரி, பாலத்துக்கு ஒம்பேர வைக்கலாமா?" என்றார்.

"நின்னா எம்பேரு. விழுந்தா ஒங்க பேரு. சரியா தலைவரே?"

பாலத்தை ஓடைக்கு மேல் இழுத்து வைத்த மறுநாள் தூறல் தொடங்கிவிட்டது. அதிகாரி வந்தார். குடையை மடக்கி வைத்துவிட்டு, பாலத்துக்கு அடியில் இறங்கி, நடு இணைப்பை டோர்ச் அடித்துப் பார்த்தார். சுத்தியலால் தட்டிக் கேட்டார். கொழுந்துச் சாக்குகளில் ஆற்று மணலை நிரப்பச் சொல்லி, பாலத்தின் நடுவில் அடுக்கச் சொன்னார். நூல் பிடித்துப் பார்த்தார். கொஞ்சம் தாழ்ந்தது. சாக்கை எடுத்ததும் பழைய இடத்துக்கு வந்தது. "ஹரி, சரி" என்றார்.

பிறகு கைப்பிடியைப் பார்த்தார். "இது யார் ஒட்டினது?"

நான் ஒட்டின கைப்பிடிக் கால். அவள் என்னைக் காட்டினாள். "இவங்க. தொடங்கி ஒரு மாசம் கூட ஆவல."

அதிகாரி ஓர் அலவாங்கை, நீளக் கடப்பாரையை, வாங்கி, கைப்பிடிக் குழாய்க்குள் சொருகி, தன் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்த்தார். குழாய் முனகியது. இன்னும் இருவரைப் பிடிக்கச் சொன்னார். தலைவரும் வந்து பிடித்தார். அந்த மனுஷன் எந்தப் பக்கம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் முழு பலத்தோடு இழுத்தார். நான் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டேன். குழாய் மெதுவாக வளைந்தது. வளைந்து, நசுங்கி, கோணலாகப் போனது. ஒட்டு அப்படியே இருந்தது.

அதிகாரி அலவாங்கை உருவினார். "குழாய மாத்துங்க. ஒட்டு போதும். பாலத்தத் திறங்க."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது. ராக்கம்மா அக்கா குலவை போட்டாள். செல்வி அக்கரைக்கு நடந்து போய், திரும்பி நடந்து வந்து, மறுபடி போனாள். அவள் பாட்டுக்குப் போய் வந்துகொண்டே இருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

குச்சிக்காரி அதற்குப் பிறகும் போகவில்லை. வளைந்த குழாயை என் கையாலேயே மாற்றி ஒட்டவைத்தாள். பெயிண்ட் அடிக்காமல் விட்டால் ஒரே மழையில் துரு ஏறிவிடும் என்றாள். மழை விடுகிற இடைவெளியில் வந்து பச்சைப் பெயிண்ட் அடித்தாள். ஒரு நாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் போன பிறகு, மகளுக்கு வலி எடுத்தது. கிளினிக்கில் சொன்ன நாளுக்கு முன்னாலேயே. ஓடை செம்மண் நிறத்தில், இரண்டு கரையையும் தின்றுகொண்டு, பாறையை உருட்டுகிற சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தது. த்ரீவீலருக்குப் போன் பண்ணிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு பாலத்தில் ஏறினேன்.

பாலத்தின் நடுவில் இவள் பெயிண்ட் டின்னோடு குந்தியிருந்தாள்.

"ஏய், புடிக்காத! ஈரம்!" என்று கத்தினாள். என் மகள் முகத்தைப் பார்த்ததும் டின்னைத் தள்ளிவிட்டு எழும்பினாள். "புடி. நல்லாப் புடி. ரெண்டு கையாலயும் புடி."

அந்த நேரம் பார்த்து வலி வந்தது. மகள் கைப்பிடியில் தொங்கினாள். உடம்பு முழுவதையும் அதில் போட்டு, பல்லைக் கடித்து, அதை உலுக்கினாள். அம்மாக்காரி பிள்ளையின் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். நான் பார்க்கவில்லை. குழாய்க் காலின் அடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கீழே ஓடை பாய்கிறது. மேலே என் மகள் உலுக்குகிறாள். நடுவில் நான் போட்ட கோடு. அது அசையவில்லை.

வலி விட்டதும் நடந்தோம். அக்கரையில் த்ரீவீலர் நின்றது. பதுளை ஆஸ்பத்திரியில் மத்தியானத்துக்குள் ஆம்பிளைப் பிள்ளை பிறந்தது. மகளின் உள்ளங்கை இரண்டும் பச்சையாக இருந்ததைப் பார்த்து நர்ஸ் அம்மா, "என்ன இது, மருதாணியா?" என்று கேட்டார்களாம்.

பிள்ளையோடு திரும்பி வந்தபோது லயத்துச் சனம் முழுவதும் பாலத்தடியில் நின்றது. கைப்பிடியில், பெயிண்ட் வழிந்த இடத்தில், மகளின் இரண்டு கையும் பதிந்து, உள்ளே வெறும் இரும்பு தெரிந்தது. தலைவர் அதைத் தொட்டுக் கும்பிடாத குறைதான். இதை இப்படியே விட வேண்டும், தலைமுறைக்கும் இருக்கட்டும், பொட்டு வைத்து மாலை போட வேண்டும் என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். எனக்கும் அது நல்லதாகத்தான் பட்டது.

அவள் டின்னின் மூடியைத் திறந்தாள்.

"ஏய் குச்சிக்காரி, என்னா பண்ற? ஞாபகத்துக்கு இருக்கட்டும்."

"துரு ஏறும். ரெண்டு மழையில ஒட்டுக்குள்ள போயிரும்" என்றாள். என் கையிலிருந்த பிள்ளையைத் தாடையால் காட்டினாள். "ஞாபகத்துக்கு இவன் இருக்கான்ல?"

தூரிகையைத் தோய்த்து, ஒரே இழுப்பில் இரண்டு கையையும் அழித்தாள்.